இசக்கியாக ஆடியவன்

“இசக்கிக்கு மட்டும் என்ன சொல்லிக் கொடுத்தீங்க, மேடம்?”

தாணுலிங்கம் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து இதைக் கேட்டான்.

ஹெப்சிபா நிமிர்ந்து பார்த்தார். முறுக்கு தின்றுகொண்டிருந்தார். வாயிலிருந்ததை மென்று முடித்த பிறகுதான் கேட்டார்.

“யாரு சொன்னா, சொல்லிக் கொடுத்தேன்னு?”

“சொல்லணுமா? பார்த்தாத் தெரியாதா?”

அது மணமகள் அறை. விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தை மாநில சதுரங்கப் போட்டிக்கு வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். மேடையில் நடுவர்கள். கூடத்தில் வரிசையாகப் பலகைகள். மணமகள் அறையைப் பயிற்சியாளர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். எந்தப் பெண்ணோ கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் அப்படியே இருந்தன.

ஹெப்சிபாவுக்கு முப்பது வயது. தாணுலிங்கத்துக்கு முப்பத்து மூன்று. நாகர்கோவிலில் அவரிடம் சதுரங்கம் கற்க வருபவர்களில் அவரைவிட மூத்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் தாணு. இன்னொருவன் இசக்கிமுத்து. சின்னவரிடம் கற்பதில் இருவருக்கும் கூச்சம் இருந்ததில்லை. இருவரையும் அவர் பலமுறை தோற்கடித்திருந்தார்.

கடைசிச் சுற்றில் யாருக்கு யார் என்று சாயங்காலம் சுவரில் ஒட்டினார்கள்.

நாளைக் காலை தாணுவுக்கு எதிரில் இசக்கி.

தேசியப் போட்டிக்குப் போகும் மாநில அணியில் நான்கு இடங்கள். மூன்றுக்கு ஆள் தெரிந்துவிட்டது. நான்காவது, இந்த இருவரில் ஒருவனுக்கு.

இருவருக்கும் ஒரே புள்ளிகள். ஆனால் இசக்கி இங்கே சந்தித்த எதிராளிகள் பலமானவர்கள். அதனால் நாளைய ஆட்டம் சமனில் முடிந்தால், விதிப்படி இடம் இசக்கிக்கு.

இசக்கிக்குச் சமன் போதும். தாணு ஜெயித்தே ஆக வேண்டும்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. கூடத்தில் பாதிப் பேருக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை. வருஷத்துக்கு வருஷம் அவர்கள் மேலே வந்துகொண்டிருந்தார்கள். தாணு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

“காலையில உங்க ரூம்ல இருந்து வந்தான்” என்றான் தாணு. “சிரிச்சுக்கிட்டே வந்தான்.”

“சிரிச்சா தப்பா?”

“எதுக்குச் சிரிச்சான்?”

“அவன்கிட்ட கேளுங்க.”

“நான் உங்ககிட்ட கேக்கேன்.”

ஹெப்சிபா முறுக்குப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார்.

“தாணு, என்கிட்ட படிக்கிற ரெண்டு பேரு மோதுனா, அந்த ஆட்டத்தைப் பத்தி ரெண்டு பேருகிட்டயும் பேச மாட்டேன். அந்த ஆட்டத்தைப் பார்க்கவும் மாட்டேன். தெரியும்லா?”

“தெரியும்.”

“பிறகு?”

“நீங்க எதுவும் சொல்லிக் கொடுக்காம அவன் இப்படி ஆட முடியாது.”

“எப்படி ஆடுறான்?”

தாணு இந்தக் கேள்விக்காகவே வந்தவன்போலப் பேச ஆரம்பித்தான்.

“பயமே இல்லை மேடம் அவனுக்கு. காயை வைக்கிறப்ப சத்தமே வராது. கடிகாரத்தை ரெண்டு விரலால தட்டுவான், பிள்ளை கன்னத்தைத் தட்டுற மாதிரி. எதிராளி யோசிக்கிறப்ப எந்திரிச்சு நடப்பான். நாலு பேரு ஆட்டத்தை வேடிக்கை பார்ப்பான். எனக்கு ஒண்ணுக்கு முட்டுனாக்கூட எந்திரிச்சுப் போகப் பயம். அவன் ஊர்வலம் போறான்.”

“ம்.”

“கோவில்பட்டி போட்டியில என்கூட ஆடுனாம்லா? பிஷப்பைத் தூக்கி என் வாயில வச்சான். சும்மா! முகத்துல ஒரு அசைவு இல்லை. எந்திரிச்சுப் போய் டீ குடிச்சான். வெட்டலாமா வேண்டாமான்னு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். என்னமோ வச்சிருக்கான்னு மட்டும் தெரிஞ்சுது. என்னன்னு தெரியலை. வெட்டாம விட்டேன். நேரம் பத்தாமப் போய்த் தோத்தேன். என்ன வச்சிருந்தான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.”

“அவன்கிட்ட கேட்டீங்களா?”

“கேட்பேனா?”

“ஏன்?”

“கேட்டா எனக்குத் தெரியலைன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும்லா.”

ஹெப்சிபா தலையாட்டினார். அதில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டதா இல்லையா என்று தெரியவில்லை.

“உங்களுக்கு என்ன வேணும்?”

“அவன்கிட்ட இருக்கிறது.”

“அது என்னது?”

“தெரிஞ்சா நானே எடுத்துக்க மாட்டேனா? உங்ககிட்ட வந்து எதுக்கு நிக்கேன்?”

ஹெப்சிபா பையிலிருந்து சுருட்டி வைத்த பலகையை எடுத்து மேசையில் விரித்தார். ஓரம் சுருண்டது. நான்கு முனையிலும் யானைகளை வைத்து அமுக்கினார். பக்கத்தில் ஆட்டக் கடிகாரத்தை வைத்தார்.

“இசக்கியைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீங்க பேசலாம். நீங்கதான் இசக்கி. நான் தாணு. ஆடுவோம்.”

“என்ன மேடம், விளையாடுறீங்களா?”

“ஆமா. வெள்ளைக் காய் எனக்கு.”

தாணுவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. பிறகு எதிர்ப் பக்கத்து நாற்காலியை இழுத்தான்.

முதலில் கேலியாகத்தான் ஆடினான். காயை இரண்டு விரலால் தூக்கினான். சத்தம் வராமல் வைத்தான். கடிகாரத்தைத் தட்டிவிட்டு எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறைக்குள் நடந்தான்.

எதிரில் ஹெப்சிபா தாணுவாக இருந்தார். காயைத் தூக்கி, பாதி வழியில் நிறுத்தி, மறுபடி யோசித்தார். கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்தார். கட்டத்தின் நடுவில் சரியாக நிற்கும் சிப்பாயை மறுபடியும் சரியாக நிறுத்தினார். எழுந்து நடக்கும் தாணுவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நான் இப்படியா செய்வேன்?”

“இசக்கி ஆடுறப்ப பேச மாட்டான்.”

தாணு அடுத்த காயை நகர்த்தினான்.

கொஞ்ச நேரத்தில் கேலி போய்விட்டது. அது எப்போது போனது என்று அவன் கவனிக்கவில்லை. கண்ணாடிப் பக்கம் போய்த் திரும்பினான். பலகையைப் பார்த்தான். ஹெப்சிபாவின் ராஜாவுக்கு முன்னால் ஒரு சிப்பாய் நின்றது. அதைத் தன் குதிரையால் வெட்டினான். குதிரைக்குப் பாதுகாப்பு கிடையாது. அவர் திருப்பி வெட்டலாம்.

தாணுவாக இருந்தால் இதை ஒரு மணி நேரம் கணக்குப் போட்டிருப்பான். கணக்கு சரியாக வந்திருந்தாலும் கைவிட்டிருப்பான். இசக்கிக்கு அந்தக் கவலை இல்லை. வெட்டினான், கடிகாரத்தைத் தட்டினான், நடந்தான்.

ஹெப்சிபா உண்மையாகவே யோசித்தார். வெட்டினார். தப்பிக்கப் பார்த்தார். முடியவில்லை. ராஜாவைப் படுக்க வைத்தார்.

தாணு நின்றபடியே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹெப்சிபாவை அவன் ஜெயித்ததே கிடையாது.

“யாரு ஜெயிச்சது?” என்று அவர் கேட்டார்.

“இசக்கி.”

யோசிக்காமல் வந்தது பதில்.

ஹெப்சிபா அவன் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

“சரி, போய்ப் படுங்க.”

தாணு லாட்ஜுக்குத் திரும்பினான். மனம் லேசாக இருந்தது. இசக்கிக்கு அவர் கொடுத்தது எதுவோ அது தனக்கும் கிடைத்துவிட்டதாக நினைத்தான். அன்று நன்றாகத் தூங்கினான்.

காலையில் ஷூ போடவில்லை. இசக்கி எந்தப் போட்டிக்கும் ரப்பர் செருப்பில்தான் வருவான்.

“என்ன மக்கா, செருப்புல வந்துட்டே?” என்றான் இசக்கி. பலகைக்கு முன்னால் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். “ஷூவை எவனும் தூக்கிட்டானா?”

“காத்தோட்டமா இருக்கட்டும்னுதான்.”

“நல்லது. யாரு ஜெயிச்சாலும் சரி, தோத்தவனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுக்கணும். அழுதா கூட ஒண்ணு.”

“கடையில சொல்லி வை.”

“உனக்குத்தாம்டே சொல்லுதேன்.”

இது இசக்கியின் வழக்கம். ஆட்டத்துக்கு முன் வாய் ஓயாது. முன்பெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்டால் தாணு தலையைக் குனிந்துகொள்வான். இன்று அவன் சிரித்தான். இசக்கி சிரிப்பது போலவே, ஒரு பக்கமாக.

கை குலுக்கினார்கள். வெள்ளை இசக்கிக்கு. கருப்பு தாணுவுக்கு.

தாணு வேகமாக ஆடினான். சத்தமில்லாமல் வைத்தான். இரண்டு விரலால் தட்டினான். இசக்கி யோசிக்கும்போது எழுந்து நடந்தான்.

இத்தனை வருஷமாக எத்தனையோ மண்டபங்களில் ஆடியிருக்கிறான். ஒன்றையும் அவன் பார்த்ததில்லை. இன்று பார்த்தான். மேடையின் பின்சுவரில் போன வாரம் கல்யாணமானவர்களின் பெயர்கள் தெர்மாகோலில் அப்படியே இருந்தன. மாப்பிள்ளை பெயரில் ஒரு எழுத்து உதிர்ந்திருந்தது. நடுவர்களில் ஒருவர் அதற்குக் கீழே உட்கார்ந்து கொட்டாவி விட்டார். வாசலில் பெற்றோர்கள் டிபன் பாக்ஸோடு காத்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது தன் பலகையைத் தூரத்திலிருந்து பார்த்தான். வெள்ளைப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் வைத்து நெருக்கிக்கொண்டிருந்தான். தோள் குறுகியிருந்தது.

பாவம் தாணு, என்று தாணு நினைத்தான்.

நினைத்ததை அவன் திருத்திக்கொள்ளவில்லை.

உட்கார்ந்தான். குதிரையால் ராஜாவின் முன்னால் இருந்த சிப்பாயை வெட்டினான். பாதுகாப்பில்லாத குதிரை. முந்தின நாள் ஆட்டம் வேறு, இது வேறு. ஆனாலும் கை தயங்கவில்லை.

இசக்கி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு நீண்ட நேரம் நிமிரவே இல்லை.

தங்கள் ஆட்டம் முடிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பலகையைச் சுற்றி நின்றார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஒருவன் இன்னொருவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

இசக்கி குதிரையை வெட்டினான். வேறு வழியில்லை. ராஜா வெளியே வந்தது. தாணுவின் ராணி வந்தது. ஒரு யானை வந்தது. இசக்கியின் ராஜா ஒரு கட்டம் போய், திரும்பி, மறுபடி மூலைக்கு ஓடியது.

மூலையில் ராஜாவை வைத்துவிட்டு இசக்கி மெல்லக் கேட்டான்.

“சமன் வச்சுக்கலாமா?”

கடிகாரத்தை அமுக்கினான். இப்போது தாணுவின் முறை. நேரம் தாராளமாக இருந்தது.

தாணு யோசித்தான். தெளிவாகத்தான் யோசித்தான். இசக்கிக்குச் சமனில் கிடைக்கும் அரைப் புள்ளி போதும். அரைப் புள்ளி இதோ வருகிறது. அதை வாங்கினால் தேசியப் போட்டி. எதற்கு இன்னும் போராட வேண்டும்? இசக்கி இந்த இடத்தில் என்ன செய்வான்? சிரிப்பான். கை கொடுப்பான். டீ குடிக்கப் போவான்.

தாணு சிரித்தான். கையை நீட்டினான்.

இசக்கி அந்தக் கையை உடனே பிடிக்கவில்லை. பார்த்தான். பிறகு இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். அவன் கை ஈரமாக இருந்தது.

தாணு இரண்டு விரலால் கடிகாரத்தை நிறுத்தினான். சமனான ஆட்டத்தின் வழக்கப்படி இரண்டு ராஜாக்களையும் எடுத்துப் பலகையின் நடுவில் பக்கம் பக்கமாக நிறுத்தினான். ஆட்டத்தாளில் முடிவை எழுதினான். கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

‘தா’ என்று எழுதினான்.

பேனா நின்றது.

“இல்லை” என்றான்.

நடுவர் குனிந்தார். “என்ன இல்லை?”

“நான் ஜெயிக்கணும்.”

“அதைக் கை கொடுக்கும் முன்னாடி நினைச்சிருக்கணும், தம்பி. கையெழுத்தைப் போடுங்க.”

சுற்றி நின்றவர்கள் கலைந்தார்கள். போகிற போக்கில் இருவர் பேசிக்கொண்டது தாணுவின் காதில் விழுந்தது.

“யானையை ஒரு கட்டம் நகர்த்துனா முடிஞ்சுது. ஏன்யா விட்டான்?”

“ரெண்டு பேருக்கும் ஒரே கோச்சுடே. பேசி வச்சு ஆடுறானுவ.”

தாணு மிச்ச எழுத்துகளையும் எழுதினான்.

ஆட்டம் முடிந்ததும் ஆடிய இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, எங்கே யார் தவறினார்கள் என்று காய்களை நகர்த்திப் பார்ப்பது சதுரங்கக்காரர்களின் வழக்கம். தாணு இசக்கியோடு ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவான். இன்று போக அவனுக்குக் கால் வரவில்லை. இசக்கிதான் அவன் தோளைப் பிடித்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப் போனான். இலை போடும் மேசையில் பலகையை விரித்தான்.

“ஏன்டே சமன் வாங்குனே?”

இசக்கி காய்களை அடுக்கிக்கொண்டே தொடர்ந்தான்.

“யானையை இங்க வச்சிருந்தா நான் காலி. வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். நீ சிரிச்சே பாரு, கேலி பண்ணுதேன்னு நினைச்சேன். கையை நீட்டுனே. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு.”

“உன்னை மாதிரி ஆடலாம்னு பார்த்தேன்.”

“என்னை மாதிரியா?”

“குதிரையைக் கொடுத்தேன்லா.”

“நான் எப்ப குதிரையைக் கொடுத்தேன்?”

“கோவில்பட்டியில பிஷப்பைக் கொடுத்தே.”

இசக்கி சுற்றும்முற்றும் பார்த்தான். பாத்திரம் கழுவும் பெண் மட்டும் தூரத்தில் இருந்தாள். ஆனாலும் குரலைத் தாழ்த்தினான்.

“மக்கா, அது தெரியாம விட்டது.”

“என்னது?”

“கையை எடுத்த பிறகுதான் பார்த்தேன். எந்திரிச்சு ஓடிட்டேன்.”

“டீ குடிச்சே.”

“கையில டீ இருந்துச்சு. குடிச்சேனான்னு கேட்டா தெரியாது. நீ வெட்டுவே, நான் கையெழுத்துப் போட்டுட்டு பஸ் ஏறலாம்னு நின்னேன். முக்கால் மணி நேரம் யோசிச்சு வெட்டாம விட்டே. ஏன் வெட்டலைன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கலை. இவன் நமக்குத் தெரியாதது எதையோ பார்க்கான்னு அன்னையில இருந்து உன்கிட்ட ஒரு பயம்.”

தாணு பலகையைப் பார்த்தான்.

“நடப்பியே?”

“உட்கார்ந்தா கால் ஆடும்டே. எதிராளி பார்த்திருவான்.”

“சத்தமில்லாம வைப்பியே?”

“கை நடுங்கும். வேகமா வச்சா பக்கத்துக் காய் விழும்.”

“நேத்து மேடம் ரூம்ல இருந்து சிரிச்சுக்கிட்டு வந்தே.”

“போன் சார்ஜரை அங்க விட்டுட்டேன், எடுக்கப் போனேன். கண்ணாடியில சாஞ்சதுல பொட்டு ஒண்ணு முதுகுல ஒட்டிக்கிச்சு. கல்யாணப் பொண்ணுன்னு மேடம் கேலி பண்ணுனாங்க.”

தாணுவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாகப் பத்திரமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை யாரோ கண்ணெதிரே தூக்கிக்கொண்டு போனது போலிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவனிடம் பொறாமைப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் தேசியப் போட்டிக்குப் போகிறவன் அவன்தான். பொறாமை போகவில்லை. இடம் தெரியாமல் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது.

இசக்கி குதிரையைப் பழைய இடத்தில் வைத்து, மறுபடி எடுத்து, சிப்பாய் மேல் கொண்டுபோனான்.

“இதைச் சொல்லு. இது எப்படித் தோணுச்சு? எனக்குச் செத்தாலும் இந்தத் தைரியம் வராது.”

“நீ இப்படி ஆடுவேன்னு நினைச்சு ஆடுனேன்.”

“நானா? என் ஆட்டம் எதையாவது நீ ஒழுங்காப் பார்த்திருக்கியா?”

இசக்கியின் ஆட்டங்களில் தாணு பார்த்ததெல்லாம் இசக்கியைத்தான்.

இசக்கி குரலை இன்னும் தாழ்த்தினான்.

“உண்மையைச் சொல்லு. மேடம் உனக்கு மட்டும் எதுவும் சொல்லிக் கொடுத்தாங்களா?”

அவன் கண்ணில் இருந்ததைத் தாணு அடையாளம் கண்டுகொண்டான். எழுந்து நடந்தான்.

“பரோட்டா?” என்று இசக்கி பின்னாலிருந்து கூப்பிட்டான்.

தாணு திரும்பவில்லை.

மணமகள் அறையில் ஹெப்சிபா சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். முடிவு அவருக்குத் தெரிந்திருந்தது. நடுவர்கள் சொல்லியிருப்பார்கள்.

“ஜெயிக்கிற ஆட்டம் மேடம்.”

“கேள்விப்பட்டேன்.”

“நீங்கதான் என்னை இசக்கியா ஆடச் சொன்னீங்க.”

“ஒரு ஆட்டம் ஆடச் சொன்னேன்.”

“யாரு ஜெயிச்சதுன்னு கேட்டீங்க. இசக்கின்னு சொன்னேன். தப்புன்னு நீங்க சொல்லலையே.”

“சொல்ல வந்தேன். சொன்னா, இன்னைக்கு ஆட்டத்தைப் பத்திப் பேசுன மாதிரி ஆயிரும். இசக்கிக்கு நான் ஒண்ணும் சொல்லலை.”

தாணு சுவரில் சாய்ந்தான்.

“அவனுக்குப் பயம்தானாம் மேடம். எல்லாமே பயமாம். நடக்கிறது, டீ குடிக்கிறது, எல்லாம். அந்த பிஷப்பைத் தெரியாம விட்டானாம்.”

“ம்.”

“அப்ப நான் இத்தனை வருஷமா யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்?”

ஹெப்சிபா கட்டிய மூட்டையை அவிழ்த்தார். பலகையை எடுத்து விரித்தார். காய்ப் பையை அவன் முன் வைத்தார்.

“கடைசியா இருந்த நிலையை வைங்க.”

“இப்பவா?”

“இப்பதான்.”

தாணு காய்களை அடுக்கினான். மூலையில் வெள்ளை ராஜா. அதற்கெதிரே கருப்பு ராணி. இன்னும் நகராத கருப்பு யானை. கை தானாக வைத்தது. கண்கள் கலங்கின, ஆனால் ஒரு காய்கூடக் கட்டம் மாறவில்லை.

“யாரு முறை?”

“கருப்பு.”

ஹெப்சிபா கடிகாரத்தை எடுத்து மேசையில் வைத்தார். பொத்தானை அமுக்கினார். கருப்பின் நேரம் ஓட ஆரம்பித்தது.

தாணு நின்றுகொண்டே வெள்ளைப் பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

“எதிர்ல யாரு மேடம்? நீங்களா? இசக்கியைக் கூப்பிடட்டுமா?”

ஹெப்சிபா கருப்புப் பக்கத்து நாற்காலியை மேசையிலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்தார்.

“முதல்ல இந்தப் பக்கம் யாராவது உட்காரட்டும்.”